பட்டி மாறும் நாளும் மருந்து கொடுக்கும் நாளும்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நேரே எமது அலுவலகத்துக்கு ஒருவர் நனைந்தபடி வந்தார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலின்போது பெற்றோர் அவரையும் தூக்கிக்கொண்டு லயத்தை விட்டு இறங்கினார்கள். அன்றிலிருந்து மட்டக்களப்பின் மேற்குப் பக்கத்திலேதான் வாழ்க்கை. போர்க்காலத்தில் அங்கிருந்தும் இரு தடவை ஓடித் திரும்பியிருக்கிறார். பெரியம்மாவின் இழவுக்காக மலைக்கு வந்த இடத்தில் என்னைத் தேடி வந்தது மாட்டைப் பற்றிக் கேட்பதற்கு.

"மேயுது சாமி, தண்ணி குடிக்குது, ஆனா உருகிக்கிட்டே போகுது. தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது. காலையில கொறஞ்சிருக்கு, மேஞ்சிட்டு வந்தா கூடுது. மூணு தடவ புழு ஊசி போட்டாச்சு" என்றார்.

கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினார். விலா எலும்பை எண்ணலாம். மயிர் சிலிர்த்து, பளபளப்பு அற்றுப் போயிருந்தது. போட்ட ஊசி எதுவென்று கேட்டேன். மருந்துச் சிட்டையில் ஐவர்மெக்டின் என்று இருந்தது.

நான் மிருக வைத்தியன் அல்லன். ஆனால் இருபது வருடமாக மாடு வைத்திருப்போருடன் பழகியதில் ஒன்று தெரியும். ஐவர்மெக்டின் உருண்டைப் புழுவுக்கும் உண்ணிக்கும் நல்ல மருந்து. ஈரல் தட்டைப்புழுவை அது தொடுவதே இல்லை. மூன்று ஊசிக்குக் கொடுத்த பணம், அந்தப் புழுவைப் பொறுத்தமட்டில், தண்ணீரில் கரைத்த பணமே.

மார்கழியில் அவருடைய இடத்துக்குப் போனேன். அறிமுகமான மிருக வைத்தியர் ஒருவரும் கூட வந்தார். நாங்கள் போன அன்று விடியற்காலையில்தான் ஒரு பசு செத்திருந்தது. வைத்தியர் ஈரலை எடுத்து வெட்டினார். பித்தக் குழாய்கள் தடித்துச் சுண்ணாம்பு படிந்து, கத்தி படும்போது மணல் போல நறநறத்தன. குழாயை அழுத்தியதும் பழுப்பு நிறத்தில் வாடிய இலைபோன்ற புழுக்கள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. சில என் சுண்டுவிரல் நீளம் இருந்தன. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. விரலை மடித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

புழு எங்கே பிடிக்கிறது?

எமது உலர் வலயத்தில் காணப்படுவது ஈரல் தட்டைப்புழுவில் பெரிய இனம். வளர்ந்த புழு ஏழு சென்டிமீற்றர் வரை நீளும். குளிர் நாடுகளில் உள்ள சின்ன இனம் மூன்று சென்டிமீற்றர் அளவே. இரண்டின் வாழ்க்கையும் ஒரே மாதிரி. அதை ஒரு தடவை நன்றாக விளங்கிக்கொண்டால், எப்போது என்ன செய்வது என்பது தானாகவே தெரியவரும்.

புழு ஈரலின் பித்தக் குழாயில் இருந்து முட்டையிடுகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் இடும். முட்டை சாணியோடு வெளியே விழுகிறது. காய்ந்த தரையில் விழுந்தால் செத்துப்போகும். தண்ணீரில் விழுந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நத்தையைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையேல் அதற்கும் சாவுதான். நத்தைக்குள் புகுந்துவிட்டால் கதை மாறுகிறது. ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகி, ஒன்றரை இரண்டு மாதத்தின் பின் நத்தையை விட்டு வெளியேறி, நீரோரப் புல்லின் தண்டில் கண்ணுக்குத் தெரியாத கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லைத் தின்னும் மாட்டின் குடலில் கூடு உடைந்து, குட்டிப் புழு குடலைத் துளைத்து ஈரலுக்குள் நுழைந்து, இறைச்சியைக் குடைந்தபடி வாரக்கணக்கில் அலைகிறது. பின் பித்தக் குழாயை அடைந்து முட்டையிடத் தொடங்குகிறது. தின்ற நாளிலிருந்து இதற்கு மூன்று நான்கு மாதம் செல்லும்.

இதைக் கண்டுபிடித்தது பழைய கதை அல்ல. 1879–80இல் இங்கிலாந்தில் விடாத மழை பெய்து, இந்தப் புழுவினால் சுமார் முப்பது இலட்சம் செம்மறிகள் மாண்டன. அதன் பின்னரே ஒக்ஸ்போர்டில் தோமஸ் என்பவரும் ஜேர்மனியில் லொய்க்கார்ட் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து, 1880களின் தொடக்கத்தில் நத்தைதான் நடுவில் நிற்கிறது என்று காட்டினார்கள். அதற்கு முன்னும் இடையருக்கு ஒன்று தெரிந்திருந்தது: ஈரப்புல் கூடாது. எமது பட்டிக்காரரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. குளத்தில் கிடக்கும் எல்லா நத்தையும் இதற்கு ஆகாது. புழுவைச் சுமப்பது மெல்லிய ஓடுள்ள, ஒன்றிரண்டு சென்டிமீற்றர் அளவான பழுப்பு நத்தை. கூர் நுனியை மேலே பிடித்து வாயை எம்மைப் பார்க்கத் திருப்பினால் வாய் வலப்பக்கம் இருக்கும். தட்டையாகச் சுருண்டிருப்பது வேறு இனம். அது இரைப்பைத் தட்டைப்புழு போன்ற வேறு தொல்லைகளைக் கொண்டுவரும்.

பலர் என்னிடம் கேட்கும் கேள்வியொன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். புழுவுள்ள ஈரலைத் தின்றால் மனிதருக்குப் புழு வருமா? வராது. ஈரலில் உள்ள புழு தொற்றும் பருவத்தில் இல்லை. ஆனால் அதே வாய்க்காலோரத்தில் பிடுங்கிய கங்குனையோ வல்லாரையையோ பச்சையாகத் தின்றால் வரக்கூடும். மாட்டுக்கு எப்படி வருகிறதோ அப்படியே.

பட்டியின் ஆண்டு

மட்டக்களப்பின் பட்டி மாடுகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் மாரி வேளாண்மை தொடங்கும்போது மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்ற வேண்டும். எந்தத் திகதிக்குள் என்பதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். பட்டிகள் மேற்கே காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்க்கப்படும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அரிதாள் மேயத் திரும்பி வரும். பிறகு ஆடி, ஆவணி வெயிலில் எங்கும் புல் கருகிப்போக, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் குளத்து அலைகரையிலும் வில்லுகளிலும் ஆற்றோரத்திலும் மட்டுமே பச்சை மிஞ்சும். மாடு அங்கேதான் நிற்கும்.

இந்த ஆண்டுச் சுற்றைப் புழுவின் வாழ்க்கையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மாடு புழுவைத் தின்பது இரண்டு காலங்களில். ஈரம் காயாத வயலின் அரிதாளிலும் அதன் மறுதாம்பிலும் ஒரு தடவை. அலைகரையில் தண்ணீர் இறங்க இறங்க வெளிப்படும் புல்லில் இன்னொரு தடவை. வயல்வெளியை விட்டு மேற்கே போயிருக்கும் மாரி மாதங்களில், தரை மேடாகவும் தண்ணீர் ஓடிவடிவதாகவும் இருந்தால், புதிதாகத் தின்பது மிகக் குறைவு. அதாவது பட்டியை நகர்த்துவதே பாதி வைத்தியம். பட்டிக்காரர் வேளாண்மையைக் காப்பாற்றவே மாட்டைச் சாய்த்தாலும், அதனால் மாட்டின் ஈரலும் காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது.

ஆபிரிக்காவின் மாலி நாட்டில் நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்திலும் இதே நிலைமைதான். ஃபுலானி இடையர்கள் மழைக்காலத்தில் மந்தைகளை வறண்ட வடபுலத்துக்கு ஓட்டிப்போய், வெள்ளம் வற்றியபின் கழிமுகத்தின் ஈரப் புல்வெளிக்குத் திரும்புகிறார்கள். எந்த மந்தை எப்போது எந்த வழியாக நுழைவது என்பதை 19ஆம் நூற்றாண்டில் சேக்கு அமது என்ற ஆட்சியாளர் ஒழுங்கு செய்தார். டியாஃபராபேயில் மந்தைகள் ஆற்றைக் கடக்கும் நாள் இன்றும் பெருவிழா. 2005இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்த ஈரப் புல்வெளியிலும் ஈரல் புழு உண்டு. அங்கும் கேள்வி ஒன்றுதான்: ஈரத்தில் எவ்வளவு காலம் நிற்கிறோம், எப்போது வெளியேறுகிறோம்?

எமது பட்டிக்காரரின் இன்றைய இக்கட்டும் இதில்தான் இருக்கிறது. வெளியேறிப் போக இடம் வேண்டும். ஏறாவூர்ப்பற்றுப் பிரதேசத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையை வெளியிடத்தார் வந்து பயிர் செய்யப் பிடித்துக்கொண்டார்கள் என்று முறையிட்டு, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கியதைப் பலரும் அறிவீர்கள். பேசப்பட்டதெல்லாம் நிலத்தைப் பற்றியும் வெட்டப்பட்ட, சுடப்பட்ட மாடுகளைப் பற்றியுமே. பேசப்படாதது ஒன்று உண்டு. மேட்டுத் தரை கிடைக்காத மாடு வாய்க்காலோரத்திலும் குளத்தோரத்திலும் நெருக்கியடித்து நிற்கும். அங்கேயே சாணியிடும், அங்கேயே தின்னும். நத்தைக்கு வேண்டியதும் அதுவே. இடம் பறிபோனால் அந்த வருடம் பால் குறையும், அடுத்த வருடம் ஈரல் கெடும்.

மருந்து எது, எப்போது?

எங்கள் டிக்கோயாக்காரரின் பட்டி அப்படி நெருக்கப்பட்ட பட்டிதான். அவருடைய பதினொரு மாடுகள் அயலவரின் மாடுகளோடு சேர்ந்தே மேய்கின்றன. வைத்தியர் அன்று இரவு வாடியில் விளக்கு வெளிச்சத்தில் அமர்ந்து சொன்னதை இயன்றவரை இங்கே எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டே தீர்மானியுங்கள்.

ஈரல் புழு மருந்துகள் இரு வகை. ஒக்சிகுளோசனைட், அல்பெண்டசோல் போன்றவை பித்தக் குழாயில் உள்ள வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும். ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் குட்டிப் புழு தப்பிவிடும். அல்பெண்டசோல் சாதாரண வயிற்றுப் புழுவுக்குக் கொடுக்கும் அளவில் ஈரல் புழுவுக்குப் போதாது, கூடிய அளவு வேண்டும். சினைப்பட்டு முதல் ஒன்றரை மாதத்துக்குள் அதைக் கொடுக்கவே கூடாது. டிரைகிளபெண்டசோல் என்ற மருந்து குட்டிப் புழுவையும் கொல்லும். ஆனால் விலை கூட, கறவைப் பசுவுக்குக் கொடுப்பதில் கட்டுப்பாடும் உண்டு. எந்த மருந்தானாலும் கொடுத்தபின் எத்தனை நாளைக்குப் பாலையும் இறைச்சியையும் எடுக்கக்கூடாது என்பதைப் போத்தலில் பார்த்து, தெரியாவிட்டால் கேட்டு, அதன்படி நடவுங்கள். தயிர்ச் சட்டிக்குப் போகும் பால் பிறர் வீட்டுப் பிள்ளைக்கும் போகிறது.

இப்போது நாள் கணக்கு. வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும் மருந்தை வைத்துக்கொள்வோம், பெரும்பாலோருக்குக் கிடைப்பது அதுதான். பட்டி வயற்புறத்தை விட்டுக் கிளம்பும் ஐப்பசியில் ஒரு தடவை கொடுத்தால், பங்குனி, சித்திரை அரிதாளில் தின்ற புழுவெல்லாம் அதற்குள் வளர்ந்திருக்கும், சாகும். மாடு மாரியைத் தாங்கும் தெம்பு பெறும். ஆனால் ஆவணி, புரட்டாதியில் அலைகரையில் தின்ற புழு இன்னும் குட்டி. அதை அந்த மருந்து தொடாது. கார்த்திகை, மார்கழியில் "மருந்து கொடுத்தும் மாடு மெலிகிறதே" என்று சொல்ல வைப்பது அதுதான். ஆகவே தை நடுவில், பட்டி வயலுக்குத் திரும்ப முன், இரண்டாவது தடவை கொடுக்க வேண்டும். அதற்குள் மிச்சமும் வளர்ந்திருக்கும்.

என்னைக் கேட்டால் இந்தத் தை மருந்தையே பெரிதாகச் சொல்வேன். ஐப்பசி மருந்து இந்த வருட மாட்டைக் காப்பாற்றுகிறது. தை மருந்து வயலில் முட்டை விழாமல் தடுக்கிறது. முட்டை விழாவிட்டால் வயல் நத்தை வெறும் நத்தைதான். குட்டியையும் கொல்லும் மருந்தை வாங்க வசதியுள்ளோர், பட்டி மேட்டுக்குப் போய் ஆறு எட்டு வாரம் கழித்து ஒரே தடவை கொடுத்து இரண்டு வேலையையும் முடிக்கலாம்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நெல் விவசாயிகளின் மாடுகளிடையே செய்த ஆய்வும் இந்த வழியைத்தான் காட்டியது. அங்கே இரண்டாம் போக அறுவடைக்குச் சுமார் ஆறு வாரத்தின் பின், ஜூலையில், ஆண்டுக்கு ஒரு தடவை டிரைகிளபெண்டசோல் கொடுக்கச் சொன்னார்கள். வயலில் வெட்டிய பச்சைத் தாளில் அடிப்பகுதி மூன்றிலொரு பங்கை விட்டு மேல் இரண்டு பங்கை மட்டும் மாட்டுக்குப் போடச் சொன்னார்கள், ஏனெனில் புழுக் கூடு தண்ணீர் நின்ற அடித்தண்டிலேயே இருக்கும். தாராக் கூட்டை மாட்டுக் கொட்டிலோடு சேர்த்துக் கட்டி, தாரா எச்சம் சாணியோடு கலந்து வயலுக்குப் போகும்படியும் செய்தார்கள். தாராவின் புழு ஒன்று அதே நத்தைக்குள் புகுந்து, ஈரல் புழுவின் குஞ்சுகளை வளரவிடாமல் செய்துவிடுகிறதாம். தாரா நத்தையையும் தின்னும். எமது பக்கத்தில் தாரா வளர்ப்போர் இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லை.

நத்தைக்கு மயில்துத்தம் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முற்காலத்தில் போட்டார்கள். மீனும் சாகும், செம்மறிக்கும் நஞ்சு. குளத்தில் கைவைக்காதீர்கள். நாட்டு மருந்துகளை நான் இகழ்பவன் அல்லன். ஆயினும் வேப்பிலையையோ பாகலையோ நம்பி ஈரல் புழு மாட்டை மாதக்கணக்கில் வைத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

அளவு குறைத்துக் கொடுப்பது இன்னொரு பிழை. கண்ணால் நிறை மதித்து, போத்தல் எல்லா மாட்டுக்கும் எட்ட வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறோம். சாகாத புழு மருந்துக்குப் பழகிவிடும். டிரைகிளபெண்டசோலுக்கே பழகிய புழுவை அவுஸ்திரேலியாவில் 1995இலேயே அறிவித்தார்கள். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் பிரியுங்கள். கிலோக் கணக்கில் நிறை வரும். நெஞ்சு 50 அங்குலம், நீளம் 42 என்றால் சுமார் 159 கிலோ. எங்கள் டிக்கோயாக்காரர் அந்த அளவு மாட்டை 110 என்று மதித்திருந்தார்.

தாடை வீக்கமெல்லாம் ஈரல் புழு என்றும் எண்ணிவிடாதீர்கள். வேறு புழுவாலும் பட்டினியாலும் அது வரும். கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள், வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. புதுச் சாணியை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது "ஈரல் புழு முட்டையையும் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த முட்டை பாரமானது. மற்றப் புழு முட்டைகளைப் போல மிதக்காது, அடியில் படியவிட்டுத்தான் பார்க்க வேண்டும். தின்று மூன்று மாதமாகாத புழு சாணியில் தெரியவும் மாட்டாது.

மலையில் கட்டி வளர்ப்போருக்கு

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் லயத்து மாட்டுக் காலையில் மாடு நகர்வதில்லை, புல்தான் நகர்ந்து வருகிறது. பெரிய இனப் புழுவுக்கு எங்கள் குளிர் பிடிக்காது, வளர்ச்சி மெதுவாகும். ஆனால் கீழ்நாட்டில் வாங்கிய பசு புழுவோடு ஏறி வரும். அந்தப் புழு ஈரலில் வருடக்கணக்கில் வாழும். மலைக்குக் கொண்டுவந்தால் தேறிவிடும் என்று காத்திராமல், வாங்கியவுடன் சாணியைப் பாருங்கள். ஓடைக் கிடங்கில், தண்ணீர் தேங்கிய இடத்தில் புல் அறுப்பவர்கள் அடியோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுங்கள். மேட்டில் நட்ட கினியா, நேப்பியர் இருந்தால் அதுவே மேல். சாணியைக் கானில் தள்ளாமல் குவித்து மூடி வைத்தால், குவியலின் சூட்டில் முட்டை செத்து, மரக்கறிக்கு நல்ல எருவும் கிடைக்கும்.

பட்டிக்காரருக்கும் இது பொருந்தும். இரவில் மாடு அடைக்கும் காலையை வாய்க்காலுக்கு மேலே, மழை நீர் சாணியை இழுத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் வைக்க வேண்டாம். தண்ணீர் காட்ட முழு அலைகரையையும் திறந்துவிடாமல் கல்லோ மணலோ உள்ள ஒரு துறையைப் பழக்குங்கள். வைக்கோலைப் பற்றிக் கவலை வேண்டாம், வெயிலில் நன்றாகக் காய்ந்தால் கூடு செத்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மருந்தோ கணக்கோ அல்ல. பத்துப் பேரின் மாடு ஒன்றாக மேயும் பட்டியில் இரண்டு பேர் மட்டும் மருந்து கொடுத்தால், மற்ற எட்டுப் பேரின் மாடு இடும் முட்டை எல்லோருக்கும் பொதுவாகிவிடும். அதனால்தான் வைத்தியர் ஒரு யோசனை சொன்னார். மாடுகளை அகற்றும் திகதியைத் தீர்மானிக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே மருந்து நாளையும் சேர்த்துத் தீர்மானித்தால் என்ன? கமக்காரரும் பட்டிக்காரரும் அலுவலரும் ஒன்றாக இருக்கும் கூட்டம் அது ஒன்றுதான். மாடு முழுவதும் ஒரே இடத்தில் எண்ணப்படும் நாளும் அதையொட்டியே வருகிறது.

இவ்வருடம் புரட்டாதியில் டிக்கோயாக்காரர் தொலைபேசியில் பேசினார். "கூட்டத்தில எந்திரிச்சுச் சொல்லிட்டேன் சாமி. கை நடுங்குச்சு. ஆறு பட்டியில நாலு பட்டி சம்மதிச்சாங்க. ஐப்பசிக்கு ஒண்ணு, தைக்கு ஒண்ணுன்னு நாள் வச்சாச்சு."

மற்ற இரண்டு பட்டி?

"அதுதான் சாமி. அவங்க ரெண்டு பேரு காலையும் நம்ம வாய்க்காலுக்கு மேல இருக்கு. பொங்கல் கழிச்சு நீங்க ஒரு தடவ வந்து பேசினா நல்லது."

பஸ்ஸுக்கு இடம் பதிந்திருக்கிறேன்.